அடியில் மூன்று துளை

போர்ட் பிளேயரின் மின்னி பே நிறுத்தத்தில் இறங்கி தமிழரசியின் கொட்டகைக்கு வழி கேட்டால், "கப்பல் ஏறாத சாமானா?" என்று எதிர்க்கேள்வி வரும். ஆமாம் என்றால் கடற்பக்கமாகக் கையை நீட்டுவார்கள்.

தீவுக்கு உப்பிலிருந்து ஊசிவரை எல்லாம் கப்பலில்தான் வருகிறது. வந்து தீர்ந்த பிறகு, இரும்பையும் அட்டையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் பழைய சாமான் வியாபாரிகள் எடைக்கு வாங்கி மறுபடி மெயின்லேண்டுக்கு ஏற்றிவிடுவார்கள். மிச்சமெல்லாம் இங்கேயே கிடக்கும். மீன் பெட்டியின் தெர்மோகோல், உட்புறம் வெள்ளி பூசிய பிஸ்கட் உறை, சுனாமி அலை வந்த வருஷம் நிவாரணமாக வந்து நைந்துபோன தார்ப்பாய், அதே நிவாரணத்தில் வந்து சீக்கிரமே விரிசல்விட்ட ஃபைபர் படகு, தோட்டங்களிலும் பட்டறைகளிலும் மருந்து தீர்ந்த நீல டிரம். கப்பல் கூலிக்கும் கட்டாத இந்தச் சாமான்களைத்தான் தமிழரசியும் அவளோடு சேர்ந்த ஏழெட்டுப் பெண்களும் வேண்டுமென்று கேட்டு வாங்கினார்கள். தார்ப்பாய் சந்தைப் பையானது. மழைக்குத் தலையில் மாட்டிக்கொள்ளும் கொங்காணியானது. படகின் ஓடு குளியலறைக்குக் கூரையானது. உடைந்த வாளியும் நாற்காலியும் சால்டரிங் அயர்னின் தட்டை முனையில் உருகி ஒட்டி, வந்த வீட்டுக்கே திரும்பிப் போயின.

டிரம் மட்டும் தனிக் கதை. பங்குனி பிறந்துவிட்டால் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தரம்தான். வீட்டில் இரண்டு டிரம் இல்லாமல் குடித்தனம் செய்ய முடியாது. அதனால் டிரம் என்றால் எல்லோருக்கும் அதன் மேல் ஒரு கண். எண்ணெயோ பழக்கூழோ வந்த டிரம் என்றால் தமிழரசி சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து, கேட்டவர்களுக்குக் கொடுப்பாள். உள்ளே என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாத டிரம் என்றால் அதை வண்டியிலிருந்து இறக்கிய இடத்திலேயே கவிழ்ப்பாள். அடுப்பில் பழுக்கக் காய்ந்த கம்பியை எடுத்து அடியில் மூன்று இடத்தில் இறக்குவாள். ஒரே துளை என்றால் தக்கையைச் செருகிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று என்றால் சோம்பல்பட்டு விட்டுவிடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். துளை விழுந்த பிறகுதான் அந்த டிரம் கொட்டகைக்குள் நுழையும். அதில் தெர்மோகோலைத் திணித்து வலைக்காரர்களுக்கு மிதவையாகக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் குப்பைத்தொட்டி. ஈரம் தானாக வடிந்துவிடும்.

"மொத ஓட்டை. அப்புறந்தான் மத்தது" என்பாள்.

"டிரம்மு உங்களுக்கு என்ன எதிரியா, துஷ்மனாக்கா? இந்தக் குத்து குத்துறீங்க" என்பாள் ஷீலா. போர்ட் பிளேயரிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சில் இந்தி கலந்துவிடும். கொட்டகையில் எல்லோரையும்விட இளையவள். வாயும் கொஞ்சம் அதிகம். தமிழரசி கம்பியை மறுபடி அடுப்பில் செருகுவாள்.

அலை வந்து ஆறு வருஷம் கழித்து வந்த பங்குனி உத்திரத்தன்று காலையில், கொட்டகையைப் பெருக்கிப் பூட்டிவிட்டுக் காவடி பார்க்கப் போகலாம் என்று தமிழரசியும் ஷீலாவும் வந்திருந்தார்கள். அப்போது மரகதம் வந்தாள். ஹேடோவில் துறைமுக ஊழியர் குடியிருப்பில் இருப்பவள். மாமனார் அழகர்சாமி துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"மாமா குடுத்துவிட்டாருக்கா. முந்தாநேத்து வாங்கிட்டுப் போன அயர்னு. அவரே வந்திருப்பாரு, மோர்ப் பந்தல்ல நிக்கணும்னுட்டாரு. அவரு நகந்தா மோரு புளிச்சுப் போயிருமாம்."

"அவர் நின்னா மட்டும் புளிக்காதா? மாமா மூஞ்சியைப் பாத்தா பாலே திரிஞ்சிரும்" என்றாள் ஷீலா.

மரகதம் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டினாள். தமிழரசி காகிதத்தைப் பிரித்தாள். எரவல் போய்வந்த அயர்னின் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்துதான் உள்ளே வைப்பது. சுரண்டுவதற்குக் கத்தியை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

முனையில் நீலம் ஒட்டியிருந்தது. வாளியை ஒட்டினால் சிவப்போ பச்சையோ ஒட்டும். நாற்காலி என்றால் பழுப்பு. அந்த நீலம் டிரம்முக்கு மட்டும்தான்.

"மாமா என்னத்த ஒட்டுனாரு?"

"டிரம்முதான். ரெண்டு நாளா வீட்டுப் பின்னாடி அதோட மல்லுக்கட்டினாரு. புளியைப் போட்டுத் தேய்ச்சு, சாம்பலைப் போட்டுத் தேய்ச்சு... இப்பப் பாத்தா கடையில வாங்குனது தோத்துச்சு."

தமிழரசி ஷீலாவின் பக்கம் திரும்பினாள். "அழகர்சாமி அண்ணனுக்கு டிரம் குடுத்தியா?"

"குப்பை போடத்தான்க்கா கேட்டாரு. பந்தல்ல சேர்ற எலையும் தாளும் ரோட்டுல கிடக்கும்னு. ஓட்டை டிரம்தான் குடுத்தேன், பக்கா."

"எது?"

"வாசல்ல இருந்துச்சே. பெரார்கஞ்ச்லேந்து வந்தது."

சொல்லும்போதே ஷீலாவின் குரல் இறங்கிவிட்டது. பெரார்கஞ்ச் பக்கம் மூடிப்போன ஒரு மரப்பட்டறையின் பின்னால் புதரில் கிடந்த டிரம் அது. மேலே ஒட்டியிருந்த தாளை யாரோ வேண்டுமென்றே சுரண்டி எடுத்திருந்தார்கள். கொண்டுவந்த வண்டிக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மரத்துக்குப் பூச்சி வராமல் பூசுகிற மருந்தாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்றார். வாசனை ஏதாவது இருந்திருந்தால் தமிழரசிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அதில் எந்த வாசனையும் இல்லை.

"மரகதம், அந்த டிரம்மு இப்ப எங்க?"

"பந்தல்லதான். மோர் அதுலதானக்கா இருக்கு."

அழகர்சாமிக்கு ஒட்டு வேலை சொல்லிக் கொடுத்ததே தமிழரசிதான். பெண்களுக்கு வகுப்பு நடத்தியபோது, சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மனுஷரைக் கூப்பிட்டு அயர்னைக் கையில் கொடுத்தாள். அவருக்கு வந்த சுத்தம் வேறு யாருக்கும் வரவில்லை. எதையும் தூக்கிப் போடக் கூடாது, விரிசல் கண்டால் ஒட்டு, ஓட்டை கண்டால் அடை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடைக்கக் கூடாத ஓட்டையும் உண்டு என்று மட்டும் சொல்லவில்லை. அதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அழகர்சாமியின் நம்பருக்குப் போட்டால் கிடைக்கவில்லை. ஷீலா திரும்பத் திரும்ப அழுத்தினாள். மரகதம் வந்த ஆட்டோவிலேயே மூவரும் ஏறினார்கள். ஏற்றத்தில் பாதியிலேயே ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். "ஆகே ரோடு பந்த்" என்று கையை விரித்தார். முன்னால் சாலை முழுக்க மஞ்சள் துணி. காவடி வரும் வழி என்று கயிறு கட்டியிருந்தார்கள்.

"காவடிக்குக் குடுக்காம யாருக்கும் குடுக்க மாட்டாங்கக்கா. மொத டம்ளர் காவடிக்குத்தான். எப்பவும் அப்படித்தான்" என்று மூச்சிரைக்கச் சொன்னாள் மரகதம். அவளுக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

அப்படியானால் காவடிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். மேளச் சத்தம் பின்னால் கேட்டது. வளைவுக்கு அந்தப்பக்கமாக இருக்க வேண்டும். தமிழரசி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். தார்ச்சாலை உள்ளங்காலைச் சுட்டது.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டவள். கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். அங்கேயே பால் வெட்டக் கற்றாள், அங்கேயே வெள்ளைச்சாமியைக் கட்டிக்கொண்டாள். அலை வந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரப்பர் மரங்களுக்கு நடுவில் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். தப்பித்தும்விட்டார்கள். கீழே கிணறெல்லாம் கடலாகிவிட்டது. மேட்டில் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டாம் நாள் வெள்ளைச்சாமி இறங்கிப் போய், இடிந்து கிடந்த தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்தான். களைக்கு மருந்தடிக்கிற கேன். மணலைப் போட்டுக் குலுக்கினான், இலையைப் போட்டுத் தேய்த்தான். மத்தியானம் மழை பெய்தது. கேன் நிறைந்தது.

"நான் மொத குடிச்சுப் பாக்குறேன். எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீ குடி" என்றான். குடித்துவிட்டு, "தேனு மாதிரி இருக்குடி" என்று சிரித்தான்.

அன்றைக்கு அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் குடிக்கக் கையை நீட்டியபோது யாரோ இளநீர்க் குலையோடு மேடேறி வந்தார்கள். அதைக் குடித்தாள். மறுநாளும் அவன் நன்றாகப் பேசினான். அதற்கடுத்த நாள் நாக்கு வெந்துபோயிற்று. மீட்க வந்த கப்பலில் ஏற்றும்போது அவனால் எச்சில் விழுங்க முடியவில்லை. போர்ட் பிளேயர் வந்து சேர்வதற்குள் மூச்சுக்குத் தவித்துத் தவித்து அடங்கினான். முகாமில் யார் கேட்டாலும், "அலையில போயிட்டாரு" என்றாள். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி வருவதில்லை.

பந்தல் தென்னோலையால் வேய்ந்திருந்தது. ஹாலோ பிளாக் கற்களின் மேல் மூன்று நீல டிரம்கள் வரிசையாக நின்றன. மூன்றும் நிரம்பியிருந்தன. கருவேப்பிலையும் இஞ்சியும் மேலே மிதந்தன. தெருப் பெண்கள் டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அழகர்சாமி புது வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, கரண்டியும் கையுமாக நின்றார்.

"வாத்தா தமிழு. காவடிக்கு முந்தி உனக்குக் கெடையாது, சொல்லிப்புட்டேன்" என்றார்.

"அண்ணே, ஷீலா குடுத்த குப்பை டிரம்மு எது?"

"குப்பைக்குச் சாக்கு கட்டிருக்கேன் பாரு. அம்புட்டு நல்ல டிரம்மைக் குப்பைக்கு வைக்க எனக்கு மனசு வரல. அடியில மூணே மூணு ஓட்டை. அடைச்சேன் பாரு, ஒரு சொட்டுக் கசியல. எல்லாம் நீ சொல்லிக்குடுத்த வேலைதேன்."

"இந்த மூணுல எது?"

அவர் மூன்றையும் பார்த்தார். "எல்லாம் ஒண்ணு போலத்தேன் இருக்கு. பயலுக தூக்கி வச்சாங்கெ. எனக்கே அடையாளம் தெரியல பாத்தியா, அதேன் ஒட்டு."

"மூணையும் கொட்டணும்ணே. இப்பவே."

டம்ளர் கழுவும் சத்தம் நின்றது. தெரு இளைஞர் சங்கத்துக்குத் தலைவன் சுரேந்திரன். துறைமுகத்தில் வேலை. பந்தல் போட அலைந்தவன் அவன்தான்.

"என்னக்கா, காலங்காத்தால பைத்தியமா, பாகல் ஆயிட்டீங்களா? வீட்டுக்கு ரெண்டு குடம்னு தெருவே குடுத்து நெரப்பினது. நாளைக்குத்தான் குழாய்ல வரும். இதைக் கொட்டிட்டுக் காவடிக்கு என்ன குடுக்குறது, கடல் தண்ணியா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"அந்த டிரம்முல விஷ மருந்து இருந்துச்சு தம்பி."

"என்ன மருந்து?"

"தெரியாது."

"தெரியாதா? தெரியாமயா கொட்டச் சொல்றீங்க?"

"நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா நான் ஓட்டையே போட்டிருக்க மாட்டேன். தெரியாததுக்குத்தான் ஓட்டை."

அழகர்சாமியின் முகம் கறுத்துவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். "ஏத்தா, என் கையைப் பாரு. தோலு உரிஞ்சு போச்சு தேய்ச்சே. புளி போட்டேன், சாம்பல் போட்டேன், சோடா போட்டேன். நாள் கிழமையுமா தெருவே நிக்கையில என்னைக் கொலைகாரன்னு சொல்ல வந்தியா?"

"உங்களை இல்லண்ணே..."

"என்னையத்தேன். இந்தா பாரு." பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து டிரம்மில் முக்கினார். "நானே மொத குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா..."

தமிழரசியின் கை போய் விழுந்தது. டம்ளர் அவர் மார்பில் கொட்டி, கல்லில் மோதி, உருண்டு சாலைக்குப் போயிற்று. புது வேட்டி முழுக்க மோர். அவர் வயசுக்காரர் மேல் ஒரு பெண் கை ஓங்கி அங்கே யாரும் பார்த்ததில்லை. வளைவில் மேளம் திரும்பிவிட்டது. முதல் காவடியின் மயிற்பீலி தெரிந்தது.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சொன்னாரு" என்றாள் தமிழரசி. குரல் உயரவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. "இதே வார்த்தை. மருந்துக் கேனை மணல் போட்டுக் கழுவினாரு. மொத நான் குடிக்கிறேன்னாரு. அன்னைக்கு ஒண்ணும் ஆகல. மறுநாளும் ஒண்ணும் ஆகல. அலையில போகலண்ணே அவரு. அந்தத் தண்ணியில போனாரு."

ஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு வருஷத்தில் அவளும் அதைக் கேட்டதில்லை.

அழகர்சாமி ஈரத் தரையில் மல்லாந்து படுத்தார். ஹாலோ பிளாக் கற்களின் இடுக்கில் கையை விட்டு முதல் டிரம்மின் அடியைத் தடவினார். எழாமலே நகர்ந்து இரண்டாவதைத் தடவினார். மூன்றாவதில் கை நின்றது. தன் ஒட்டை விரல் கண்டுகொண்டது.

"இதுதேன்" என்று எழுந்தார். "இதைக் கொட்டுங்கடா. மத்த ரெண்டும் கெடக்கட்டும்."

சுரேந்திரன் பெருமூச்சு விட்டான். இரண்டு பேர் டிரம்மைச் சாய்க்கக் கை வைத்தார்கள்.

"மோரை எப்படிக் கரைச்சீங்க?" என்று கேட்டாள் தமிழரசி.

மரகதம்தான் மெல்ல வாயைத் திறந்தாள். "மாத்தி மாத்தி ஊத்துனோம்க்கா. உப்பும் காரமும் மூணுலயும் ஒண்ணா இருக்கணும்னு. எப்பவும் அப்படித்தானே..."

டிரம்மில் வைத்த கைகள் விலகின.

"உப்பு பாத்தது யாரு?"

காவடி நெருங்கிவிட்டது. முன்னால் ஆடி வந்தவரின் முதுகில் வேர்வை ஓடுவது தெரிந்தது.

"நாந்தேன்" என்றார் அழகர்சாமி. "விடியக்காலம். ஒரு டம்ளரு."

அதன் பிறகு யாரும் வாதாடவில்லை. சாக்கடையில் விட்டால் அது கடலுக்குத்தான் போகும், அங்கே விடாதீர்கள் என்று தமிழரசி சொன்னாள். எதிரே வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில், மூன்று டிரம்மையும் ஒவ்வொன்றாக உருட்டிக் கவிழ்த்தார்கள். கடைசி டிரம்மை அழகர்சாமி தானே சாய்த்தார். தெருவின் தண்ணீர் வெள்ளையாக நுரைத்து மணலில் இறங்கிற்று. மரகதம் வீட்டுக்கு ஓடிப்போய், சமையலுக்கு வைத்திருந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். காவடிக்கு வெறும் தண்ணீர்தான் கிடைத்தது. அதுவும் பாதிப் பேருக்கு. மற்றவர்கள் வறண்ட வாயோடு பந்தலைக் கடந்து போனார்கள். டம்ளர் கழுவிய பெண்களில் ஒருத்தி, "நல்ல நாள்ல வந்து பந்தலைக் கலைச்சிட்டா" என்று காதில் விழும்படி சொன்னாள்.

அழகர்சாமியைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன மருந்து?" என்று கேட்டார். தெரியாது என்றாள் தமிழரசி. எந்தக் கம்பெனி, என்ன நிறம், திரவமா பொடியா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். ரத்தம் எடுத்தார்கள், குளுகோஸ் ஏற்றினார்கள், மறுநாள் வரை வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஏதாவது என்றால் உடனே வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு எந்தத் தெம்பையும் தரவில்லை. அனுப்பிய மறுநாள் காலை கொட்டகைக்குப் போகாமல் ஹேடோவுக்குப் போனாள். அழகர்சாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நாக்கை நீட்டுங்கண்ணே" என்றாள். அவர் மகனையும் மருமகளையும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு நீட்டினார். சிவப்பாக, வெற்றிலைக் கறையோடு, நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாள் அவர் பேசும்போது தொண்டை கரகரத்தது. தமிழரசி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எச்சில் முழுங்குங்க."

முழுங்கினார்.

"வலிக்குதா?"

"கொஞ்சம் போல. ஈரத்துல படுத்துப் பெரண்டேன்ல, சளிதேன் புடிச்சிருக்கு. நீ மூஞ்சிய அப்படி வச்சிருந்தா எனக்கே பயமா இருக்குத்தா."

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. மரகதத்தோடு சமையலறையில் உட்கார்ந்து இஞ்சி தட்டினாள், மிளகு வறுத்தாள், அவர் இருமும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தாள். சாயங்காலம் மூக்கு ஒழுகத் தொடங்கியது. ஒரு மனுஷருக்கு மூக்கு ஒழுகியதற்காக அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. இருந்தும் மறுநாள் போனாள். அதற்குப் பிறகும் போனாள். தெருவில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது.

"அக்கா, மாமா இன்னும் சாகலியே" என்றான் சுரேந்திரன், வண்டியைத் துடைத்துக்கொண்டே. பந்தல் போன கோபம் அவனுக்குத் தீரவில்லை.

"சாகலல்ல? சந்தோஷமா இரு தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஒன்றும் ஆகாததுதான் அவளுக்கு வினையாயிற்று. டிரம்மில் ஒன்றுமே இருந்ததில்லை, தமிழரசி இல்லாததைக் கிளப்பித் தெருத் தண்ணீரை மண்ணில் கொட்டவைத்தாள் என்று பேச்சு பரவியது. கொட்டகைக்கு வரும் சாமான் குறைந்தது. வெள்ளைச்சாமியின் கதையைக்கூட, அந்த நேரத்துக்கு அவள் கட்டிவிட்டது என்றார்கள். அதைக் கேட்டு ஷீலா ஒருத்தியோடு குழாயடியில் சண்டை போட்டுவிட்டு வந்தாள். "சச்சி, நெசமாத்தான் சொல்றேன்க்கா, அவ குடத்தையே பிடுங்கி எறிஞ்சிருப்பேன்" என்றாள்.

"எறிஞ்சா உடையும். அதையும் நாமதான் ஒட்டணும்" என்றாள் தமிழரசி.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், அழகர்சாமி தானே கொட்டகைக்கு வந்தார். அவர் ஒட்டிய டிரம் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. ஷீலா பந்தலிலிருந்து திரும்பக் கொண்டுவந்து போட்டிருந்தாள். அதன் மேல் கம்பியை இறக்க அதற்குப் பிறகு தமிழரசிக்குக் கை வரவில்லை. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் ஒட்டு மூன்றையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆகல தமிழு."

"ஆகலண்ணே."

"அப்ப டிரம்முல ஒண்ணும் இல்லேன்னு ஒத்துக்குவியா?"

"இல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்தும் இருந்திருக்கலாமோ?"

"இருந்திருக்கலாம்ணே. நீங்க அவ்வளவு தேய்ச்சதுல போயிருக்கலாம். நீங்க குடிச்சது மேலாக மிதந்ததா இருக்கலாம். எனக்கு என்ன தெரியும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "ரம்பம் இருக்கா?" என்றார்.

ஷீலா ரம்பத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் டிரம்மைப் படுக்கவைத்து, இரண்டு முழங்காலாலும் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து அடிவரை நெட்டுவாக்கில் அறுக்கத் தொடங்கினார். பிளாஸ்டிக் கீச்சிட்டது. நீலத் தூள் மடியில் விழுந்தது. ஒரு கோடு முடிந்ததும், ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு அறுத்தார். நடுவிலிருந்த பட்டை தனியாகக் கழன்று வந்தது. அதைத் துண்டு துண்டாக நறுக்கித் தெர்மோகோல் மூட்டைக்குள் போட்டார்.

"மூணு ஓட்டை என்ன, முப்பது ஓட்டை போட்டாலும் நான் அடைப்பேன். என்னை மாதிரி இந்தத் தீவுல எம்புட்டோ பேரு இருக்கான். தண்ணி இல்லாத ஊர்ல முழு டிரம்மைக் கண்டா எவனுக்கும் கை சும்மா இருக்காது. இப்ப ஒட்டட்டும் பாப்போம். இல்லாத பட்டைக்கு எங்க போவான்?"

அன்றிலிருந்து கொட்டகையில் காய்ந்த கம்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று. என்னவென்று தெரியாத டிரம் வந்தால், வண்டியிலிருந்து இறக்கிய இடத்திலேயே ரம்பம். தமிழரசி இருந்தவரை அது மாறவில்லை. பிளந்த டிரம்கள் மண் நிரப்பிச் செடி வைக்கப் போயின. கனகாம்பரமும் செம்பருத்தியும்தான். அவற்றில் கீரை போடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பாள்.

அழகர்சாமி மடியைத் தட்டிவிட்டு எழுந்தார். கொட்டகை வாசலைத் தாண்டும்போது தமிழரசி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே."

அவர் திரும்பினார். அவள் கேட்பதற்கு முன்பே அவராகவே, சாலையில் போகிற வருகிறவர்கள் பார்க்க, நாக்கை நீட்டிக் காட்டினார்.